முதலில் பயாஸ், பிறகுதான் டிரைவர்

எபிசோடில் சொன்ன மதர்போர்டு அப்டேட் வரிசை இதுதான். கீழேயிருந்து மேலே போகணும்.

1. ரிகவரி கீ. விண்டோஸ் 11-ல் டிஸ்க் என்க்ரிப்ஷன் உங்களுக்குத் தெரியாமலே ஆன் ஆகியிருக்கலாம். பயாஸ் மாறினதும் பிட்லாக்கர் 48 இலக்க கீ கேட்கலாம். கீ இல்லேன்னா போட்டோ, அசைன்மென்ட் எல்லாம் போச்சு. பெரும்பாலும் அது உங்க மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். எழுதி வச்சிட்டு, பிட்லாக்கரை சஸ்பெண்ட் பண்ணுங்க.

2. பயாஸ். விண்டோஸுக்கு முன்னாடியே ஓடுறது இது. போர்டின் மாடலோடு ரிவிஷன் நம்பரும் பொருந்தணும். ஓவர்கிளாக்கை எடுத்துடுங்க, அப்டேட் முடியும்வரை பவரை நிறுத்தாதீங்க. முடிஞ்சதும் எக்ஸ்எம்பி போன்ற செட்டிங் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும், மறுபடி பாருங்க.

3. சிப்செட் டிரைவர், பிறகு ஒரு ரீஸ்டார்ட்.

4. நெட்வொர்க், ஆடியோ, கடைசியா கிராஃபிக்ஸ்.

ஏன் இந்த வரிசை? இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்களில் வோல்டேஜ் கோளாறால் கேம்கள் கிராஷ் ஆச்சு. 'வீடியோ மெமரி போதவில்லை'ன்னு எரர் வந்ததால பலர் கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகிச்சாங்க. 2024-ல் வந்த திருத்தமோ பயாஸ் வழியா வந்த மைக்ரோகோடு. டிரைவரை எத்தனை தடவை மாத்தினாலும் அது தீராது. ஏற்கெனவே பழுதான சிப்பை அந்தத் திருத்தமும் குணமாக்காது, அதனால தள்ளிப்போடாதீங்க.

மத்தபடி, பாதுகாப்புத் திருத்தமோ புது சிபியு சப்போர்ட்டோ தேவையில்லை, மெஷினும் ஒழுங்கா ஓடுதுன்னா, பயாஸை சும்மா தொட வேண்டாம்.