உறைகுளிரில் நீர்ம வேதிப்பொருள்கள்: ஏற்றலும் காத்தலும்

முன்னுரை

மார்கழித் திங்களில் நம் இல்லங்களில் தேங்காய் எண்ணெய் புட்டிக்குள்ளேயே வெண்ணெய்போல் இறுகி நிற்பதைக் காண்கிறோம். ஏறத்தாழ 24 பாகை செல்சியஸ் வெப்பநிலைக்குக் கீழ் அது உறையத் தொடங்குவதே காரணம். வெயிலில் சிறிது நேரம் வைத்தால் இளகிவிடும். அதனால் எவருக்கும் தீங்கில்லை. ஆனால் இதே நிகழ்ச்சி, பல டன் எரிசோடாக் கரைசலை ஏற்றிச் செல்லும் டாங்கர் லாரியிலோ, அமிலம் நிறைந்த இருப்புத் தொட்டியிலோ நேருமாயின் அதன் விளைவு வேறு. பொருள் கெடும், குழாய் வெடிக்கும், சில வேளைகளில் உயிரும் போகும்.

தமிழில் ‘உறைதல்’ என்னும் சொல்லுக்குத் தங்குதல் என்றும் இறுகுதல் என்றும் பொருள் உண்டு. பாலைத் தயிராக்க இடும் மோரையும் ‘உறை’ என்றே வழங்குகிறோம். ஓட வேண்டியது ஓடாமல் ஓரிடத்தே தங்கிவிடுவதே உறைவு என்று நம் முன்னோர் கண்ட கருத்து இன்றைய அறிவியலுக்கும் பொருந்துவது வியப்பிற்குரியது. குளிர்காலத்தில் நீர்ம வேதிப்பொருள்களைக் கொண்டு செல்வதிலும் சேமிப்பதிலும் எழும் இடர்களையும், அவற்றைத் தவிர்க்கும் நெறிகளையும் எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உறைநிலையின் பல்வகைமை

சுழியப் பாகையில் நீர் உறையும் என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். எனவே, பனிக்கட்டி தோன்றாத இடத்தில் எந்த நீர்மமும் உறையாது என்று எண்ணிவிடுகிறோம். இது பிழையான எண்ணம். தூய அசிட்டிக் அமிலம் 16.6 பாகையிலேயே பளிங்கு போன்று இறுகிவிடும். பென்சீன் 5.5 பாகையில் உறையும். ஃபார்மிக் அமிலம் 8.4 பாகையில் உறையும். ஃபீனால் ஏறத்தாழ 41 பாகையிலேயே உறைவதால், வெப்பமூட்டிய தொட்டிகளில் உருகிய நிலையிலேயே அதனைக் கொண்டு செல்கின்றனர். ஆகவே, ‘குளிர்காலம்’ என்பது நாட்காட்டியைக் கொண்டு அறியப்படுவதன்று. ஏற்றப்படும் பொருளின் உறைநிலையைக் கொண்டே அறியப்படுவது.

உறையாமலே கெடும் பொருள்களும் உள. நம் கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் காணும் ஃபார்மலின் குளிர்ச்சியுற்றால் வெண்மையாகக் கலங்கி அடியில் வண்டலாகப் படியும். இதனைத் தடுக்கவே அதில் மெத்தனால் சேர்க்கின்றனர். பால்மநிலையிலுள்ள வண்ணப்பூச்சு ஒருமுறை உறைந்தால் திரிந்த பாலைப்போல் ஆகிவிடும். பின்னர் எவ்வளவு வெப்பமூட்டினும் பழைய நிலைக்கு மீள்வது அரிது. டீசலில் கரைந்துள்ள மெழுகு கடுங்குளிரில் பிரிந்து வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். இவ்விடரைக் களையவே, சுழியத்துக்குக் கீழ் 33 பாகை வரையிலும் ஓடும் தன்மையுடைய குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் லடாக்கில் அறிமுகம் செய்தது.

செறிவு என்னும் புதிர்

‘நீர் கலந்தால் எளிதில் உறையும், செறிவு மிகுந்தால் உறையாது’ என்று பொதுவாகக் கருதுவோம். கந்தக அமிலம் இக்கருத்தைப் பொய்யாக்குகிறது. 98 விழுக்காட்டு அமிலம் சுழியத்திற்கும் 3 பாகைக்கும் இடைப்பட்ட அளவிலேயே உறைகிறது. ஆனால் 93 விழுக்காட்டு அமிலம் சுழியத்துக்குக் கீழ் 30 பாகை அளவிலும் நீர்மமாகவே இருக்கிறது. செறிவை மேலும் குறைத்து 85 விழுக்காட்டை அணுகினால் உறைநிலை மீண்டும் உயர்ந்து 8 பாகையை எட்டுகிறது. அங்கே அமிலமும் நீரும் ஒன்றுக்கொன்று இணைந்து தனிப் படிகமாக அமைவதே இதன் காரணம். இதனால்தான் குளிர்நாடுகளில் கோடையில் 98 விழுக்காட்டு அமிலத்தையும், குளிர்காலத்தில் 93 விழுக்காட்டு அமிலத்தையும் அனுப்பும் வழக்கம் உள்ளது. உறைந்த அமிலத்தின்மீது நீரை ஊற்றிக் கரைக்க முற்படுவதோ பெருங்கேடு. கடும் வெப்பம் எழுந்து அமிலம் தெறிக்கும். செறிந்த அமிலத்தைத் தாங்கும் அதே இரும்புத் தொட்டியை நீர்த்த அமிலம் அரித்து, தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜனையும் வெளியிடும்.

எரிசோடாவின் நிலை இதற்கு மாறானது. 50 விழுக்காட்டுக் கரைசல் ஏறத்தாழ 12 பாகையில் படிகமாகத் தொடங்கும். 20 விழுக்காட்டுக் கரைசலோ சுழியத்துக்குக் கீழ் 25 பாகையை ஒட்டியும் உறையாது. மேட்டூரிலும் சாகுபுரத்திலும் எரிசோடா செய்யும் ஆலைகள் உள்ளன. நம் சமவெளி வெப்பத்தில் அது உறைவதை நாம் காண்பதரிது. ஆனால் தில்லியின் தை மாத இரவுகளில் வெப்பநிலை 12 பாகைக்குக் கீழே இறங்குவது வழக்கம். தெற்கே ஓடிய பொருள் வடக்கே நின்றுவிடும் என்பதை ஏற்றுவோர் முன்னரே எண்ண வேண்டும். நீர்த்த கரைசலாக அனுப்பினால் உறைவு தவிரும். ஆயின் நீரைச் சுமக்கும் கூலி கூடும். செறிந்ததாக அனுப்பினால் வெப்பக்காப்பு உறையும் வெப்பச் சுருள்களும் வேண்டும். அவ்வெப்பத்திற்கும் எல்லை உண்டு. செறிந்த எரிசோடா 50 பாகைக்கு மேற்பட்டால், சாதாரண எஃகில் பற்றவைத்த இடங்களில் விரிசல் காணும் அச்சம் உள்ளது.

உறைந்ததை உருக்கும் முறை

உறைவதைக் காட்டிலும், உறைந்ததை உருக்குவதிலேயே பெருந்தீங்கு மறைந்துள்ளது. இதற்கு அக்ரிலிக் அமிலம் தக்க சான்று. இஃது ஏறத்தாழ 13 பாகையில் உறையும். தானே வினைபுரிந்து பலபடியாக மாறும் இயல்புடையதாதலால், இதனுள் தடுப்பான் ஒன்றைச் சிறிதளவு கலந்து வைப்பர். அத்தடுப்பான் செயற்படக் கரைந்த ஆக்சிஜனும் வேண்டும். அமிலம் மெல்ல உறையும்போது படிகங்கள் தூய அமிலமாகவே அமைகின்றன. தடுப்பானும் ஆக்சிஜனும் எஞ்சிய நீர்மத்தில் ஒதுங்கிவிடுகின்றன. பாதி உருகிய நிலையில் அந்நீர்மத்தை மட்டும் இறைத்துவிட்டால், தொட்டியில் எஞ்சுவது காவலற்ற அமிலம். அதன்மேல் நீராவியைச் செலுத்தினால் வினை கட்டுமீறி வெப்பமும் அழுத்தமும் பெருகித் தொட்டி வெடிக்கும்.

அக்ரிலிக் அமிலம் கட்டுமீறினால் என்னாகும் என்பதை உலகம் கண்டுள்ளது. 2012 செப்டம்பர் 29 அன்று ஜப்பானின் ஹிமேஜி நகர ஆலையில் இவ்வமிலத் தொட்டி வெடித்ததில் தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். 36 பேர் காயமுற்றனர். அது குளிரால் நேர்ந்ததன்று. வெப்பம் தேங்கியதால் நேர்ந்தது. எனினும், அவ்வமிலத்தைத் தவறாக வெப்பமூட்டுவோர் எதை எதிர்நோக்குகின்றனர் என்பதற்கு அதுவே பாடம். எனவே, மிதமான வெதுவெதுப்பில் முழுவதையும் உருக்கி, நன்கு கலக்கிய பின்னரே எடுத்தல் வேண்டும். பிற பொருள்களுக்கும் இவ்விதி ஓரளவு பொருந்தும். பாதி உருகிய பீப்பாயின் மேற்பகுதியில் எடுத்த மாதிரி, முழுப் பீப்பாயின் தன்மையைக் காட்டாது. தீச்சுடரைக் கொண்டு எப்பொருளையும் உருக்குதல் கூடாது.

கலமும் குழாயும்

பொருள் மட்டுமன்று, அதைத் தாங்கும் கலமும் குளிரால் மாறுகிறது. 1943 சனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில், புதிதாகக் கட்டி முடித்து ஓட்டம் பார்த்துவந்த ‘ஷெனெக்டடி’ என்னும் எண்ணெய்க் கப்பல், துறையில் அமைதியாக நின்ற நிலையிலேயே பேரொலியுடன் பிளந்தது. அக்காலத்து எஃகு குளிரில் வளையும் தன்மையை இழந்து கண்ணாடிபோல் நொறுங்கும் என்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கான்ஸ்டன்ஸ் டிப்பர் அம்மையார் ஆராய்ந்து விளக்கினார். இன்று கடுங்குளிரைத் தாங்கும் எஃகு வகைகளைத் தேர்ந்து தொட்டிகள் செய்யப்படுவதற்கு இத்தகைய பட்டறிவே அடிப்படை.

நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிகிறது. இச்சிறு விரிவு எஃகுக் குழாயையும் பிளக்க வல்லது. 2007 பிப்ரவரி 16 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் மெக்கீ எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் நடந்தது இதுவே. பயன்பாட்டில் இல்லாத குழாய்ப் பகுதி ஒன்றில் சிறிது நீர் கசிந்து தேங்கி உறைந்து, குழாயின் வளைவைப் பிளந்தது. பனி உள்ளவரை அப்பனியே அடைப்பாக நின்றது. அது உருகியதும் புரொப்பேன் பீறிட்டுத் தீப்பற்றியது. தொழிலாளர் மூவர் கடுமையான தீக்காயமுற்றனர். குளிரின் தீங்கு, குளிர் நீங்கிய பின்னரே வெளிப்படக்கூடும் என்பது இதனால் பெறப்படும். பயன்படாத குழாய்களை அகற்றுதல் அல்லது முற்றிலும் வடித்துவிடுதல் வேண்டும்.

தொட்டியின் மூச்சுக்குழாய் பனியால் அடைபடுவதும் கவனிக்கத்தக்கது. பம்பு நீர்மத்தை இறைக்கும்போது உள்ளே காற்று புகாவிடில் தொட்டி வெளிக்காற்றின் அழுத்தத்தால் நசுங்கிவிடும். குளிர்ந்த நிலையில் விளிம்புவரை நிரப்பிய கலம், வெப்பமான ஊரை அடைந்ததும் நீர்மம் விரிந்து பொங்கும்; ஆதலின் மேலே வெற்றிடம் விட்டே நிரப்புதல் முறை. திறந்தவெளியில் நிமிர்த்தி வைத்த பீப்பாயின் தலையில் தேங்கும் நீர், இரவுக் குளிரில் உள்ளிருக்கும் காற்று சுருங்கும்போது மூடியின் இடுக்கு வழியே உள்ளிழுக்கப்படும். எனவே பீப்பாய்களைக் கூரையின்கீழ் வைத்தல் நன்று.

குளிரே காவலாதல்

குளிர் எப்போதும் பகையன்று. போபாலில் 1984 டிசம்பர் 2, 3 நாள்களின் நள்ளிரவில் கசிந்த மீத்தைல் ஐசோசயனேட்டு, சுழியப் பாகையை ஒட்டிய குளிரில் வைக்கப்பட வேண்டிய பொருள். அதனைக் குளிர்விக்கும் கருவி அப்போது இயங்காமல் நிறுத்தப்பட்டிருந்தது. சில பொருள்களுக்கு வெதுவெதுப்புக் காவல். சிலவற்றிற்குக் குளிர்ச்சி காவல். எதற்கு எது என்றறிவதே அறிவு.

சொல்லும் காப்பும்

இவ்வளவு அறிவும் நூலகத்தில் உறைந்து கிடப்பின் பயனென்ன? வால்வைத் திறப்பவரும், லாரியை ஓட்டுபவரும், பீப்பாயை உருட்டுபவருமே இடரின் முன் நிற்பவர்கள். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 9ஆம் விதி, தீங்கான சரக்குகளை ஏற்றும் வாகன ஓட்டுநர் ஆங்கிலத்தோடு, அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள மொழிகளுள் ஒன்றையேனும் எழுதப் படிக்க அறிந்திருக்க வேண்டும் என்கிறது. ஓட்டுநரிடம் மொழியறிவை எதிர்பார்க்கும் நாம், அவர் மொழியில் எச்சரிக்கையை எழுதித் தரவும் கடமைப்பட்டுள்ளோம்.

‘உறைநிலை 12 பாகை, அதற்குக் கீழே இறங்க விடாதே, பாதி உருகிய நிலையில் இறைக்காதே, தீ காட்டாதே’ என்னும் நான்கு வரி, தெளிந்த தமிழில் தொட்டியின்மேல் பொறிக்கப்பட்டால் அது ஓர் உயிரைக் காக்கும். ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதித் தோல் பதனிடும் தொழிற்கூடங்களில் கந்தக அமிலமும் ஃபார்மிக் அமிலமும் நாளும் புழங்குகின்றன. அத்தொழிலை நடத்தும் பெருமக்கள் தம் கிடங்குகளில் இத்தகைய தமிழ் அறிவிப்புகளை வைப்பாராயின், அவற்றை எழுதித் தருவதற்குத் தமிழ்த்துறை மாணவரும் வேதியியல் மாணவரும் இணைந்து முன்வரலாம். அறிவியல் தமிழ் என்பது கலைச்சொல் படைப்பதோடு நின்றுவிடுவதன்று. அக்கலைச்சொல் தொழிலாளியின் கண்ணில் பட்டுக் கையைத் தடுத்து நிறுத்துவதிலேயே நிறைவுறுகிறது.

முடிவுரை

ஏற்றுமுன் பொருளின் உறைநிலையையும் செல்லும் ஊரின் குளிரையும் ஒப்பிட்டு நோக்குதல், ஏற்ற செறிவைத் தேர்தல், கலத்தையும் குழாயையும் மூச்சுக்குழாயையும் குளிர் தொடங்குமுன்னரே ஆய்தல், உறைந்ததைப் பொறுமையுடன் உருக்குதல், எச்சரிக்கையைப் பணிபுரிவோர் மொழியில் எழுதுதல் ஆகிய ஐந்தும் இக்கட்டுரையின் சாரமாகும். கல்வி முடித்துக் கப்பல்களிலும் கிடங்குகளிலும் ஆலைகளிலும், குளிர்மிக்க அயல்நாடுகளிலும் பணியேற்கவிருக்கும் நம் மாணவர்கள், தம் பொறுப்பில் ஒப்படைக்கப்படும் ஒவ்வொரு கலத்தையும் அதனருகே நிற்கும் மனிதரோடு சேர்த்தே எண்ணுவார்களாக.