வாசலுக்கு அழகு தரும் மரம், செடிகள்

கேள்வி: தெற்கு பார்த்த வீடு. முன்புறம் 10 அடி இடம் இருக்கிறது. என்ன மரம், செடி வைக்கலாம்?
– வாசகி, மதுரை

பதில்: அந்த இடத்துக்கு வேம்பு, புங்கன் வேண்டாம், வளர்ந்தபின் வெட்டத்தான் நேரும். ஒரு மூலையில் பவழமல்லி வையுங்கள். சுவரிலிருந்து 4 அடி தள்ளி, 2 அடிக் குழியில் செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் கலந்து நடுங்கள். இரவெல்லாம் மணக்கும், விடியும்போது ஆரஞ்சுக் காம்போடு வெள்ளைப் பூக்கள் தரையெங்கும் உதிர்ந்திருக்கும். வெயில் படும் சுவரோரம் இட்லிப்பூ. கவாத்து செய்துவந்தால் வேலிபோல் அடரும். அரைநிழலில் நந்தியாவட்டை நன்றாகவே வரும். அரளி மட்டும் வேண்டாம்; இலை, பூ, விதை எல்லாமே விஷம். குழந்தைகள் புழங்கும் வாசலுக்கு அது ஆகாது. செடிகளுக்கிடையே 3 அடி விடுங்கள். முதல் வருடம் வெறிச்சென்று தெரிந்தாலும் நெருக்கி நடாதீர்கள். காற்றோட்டம் இருந்தால்தான் பூச்சி அண்டாது, பூவும் நிறையப் பூக்கும்.