கூடை விளங்கும் தோள்

தொண்டரடிப்பொடியாழ்வார் விவாஹம் செய்துகொள்ளாமல், திருவரங்கத்தில் நந்தவனம் அமைத்துப் பெரியபெருமாளுக்கு மாலை ஸமர்ப்பித்து வாழ்ந்தவர். இடையே தேவதேவியிடம் மயங்கி மீண்டதைக் குருபரம்பரை மறைக்கவில்லை. தமக்கு ஊரும் நிலமும் சுற்றமும் இல்லையென்று திருமாலையில் அவரே சொல்லிக்கொள்கிறார். ஆனால் திருப்பள்ளியெழுச்சியின் பத்தாம் பாசுரத்தில் தம்மை அடையாளம் காட்டுவது அந்த இல்லாமைகளைக் கொண்டன்று. துளவமும் கூடையும் விளங்கும் தோளைக் கொண்டு. அங்கு வேண்டுவதும் ஒன்றே: அடியார்களுக்கு ஆட்படுத்தவேண்டும் என்பது.

நம்மில் சிலர், ‘விவாஹமானபின் பார்த்துக்கொள்ளலாம்’ என்று கைங்கர்யத்தை ஒத்திவைக்கிறோம். ஆழ்வாருடைய கூடை எதற்கும் காத்திருக்கவில்லை. புளியந்தோப்பில் தனியே குடியிருந்து துறைமுக வேலைக்குச் செல்பவருக்கு நந்தவனம் வாய்ப்பது அரிது. மாடியில் ஒரு துளசித் தொட்டி வாய்க்கும். விடுமுறை நாளில், நடக்கத் தள்ளாடும் ஒரு பாகவதரைக் கைபிடித்து ஸந்நிதிக்கு அழைத்துச் செல்லவும் இயலும். துளசிக்கு நீர் வார்த்துப் பத்துப் பாசுரங்களையும் ஸேவிக்கச் சில நிமிஷங்களே ஆகும்.