தள்ளாடும் குட்டியை அழைத்து வருமுன்

கேள்வி: எங்கள் ஊர்க் காப்பகத்தில் மூன்று மாதப் பெண் பூனைக்குட்டி ஒன்று இருக்கிறது. நிற்கும்போதே தள்ளாடுகிறது, சாப்பாட்டுத் தட்டை நெருங்கினால் தலை கிடுகிடுவென்று ஆடுகிறது. பிறவியிலேயே சிறுமூளை சரியாக வளரவில்லை என்கிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. வீட்டில் ஏற்கெனவே இரண்டு பூனைகள், ஒரு நாட்டு நாய். கொண்டு வரலாமா?
- கோவையிலிருந்து ஒரு வாசகி

பதில்: கொண்டு வரலாம். ஆனால் குட்டியைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள், நாயைப் பற்றி இரண்டே வார்த்தையோடு நிறுத்திவிட்டீர்கள். எனக்குக் கவலை அங்கேதான்.

முதலில் குட்டி. தாய்ப்பூனை சினையாக இருக்கும்போது பான்லுகோபீனியா வைரஸ் தாக்கினால், வயிற்றிலுள்ள குட்டிகளின் சிறுமூளை முழுதாக வளராமல் போகும். பெரும்பாலும் இந்தத் தள்ளாட்டத்துக்கு அதுதான் காரணம். எதையாவது குறிவைத்துப் போகும்போது நடுக்கம் கூடும், தூங்கும்போது நின்றுவிடும். வலி கிடையாது. நாளாக நாளாக மோசமாவதும் இல்லை. மற்ற பூனைகளைப் போலவே முழு ஆயுளும் வாழும். வளர வளரத் தன் உடம்போடு பழகிக்கொள்வதால், பார்ப்பவர்களுக்குத் தேறிவிட்டது போலவே தோன்றும்.

நேற்று வரை ஒழுங்காக நடந்த குட்டி இன்று தள்ளாடினாலோ, வாரத்துக்கு வாரம் தள்ளாட்டம் கூடினாலோ கதையே வேறு. தலையில் அடிபட்டிருக்கலாம், உள்காதில் சீழ் பிடித்திருக்கலாம். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே இப்படித்தானா என்று காப்பகத்தில் குட்டிக்குச் சோறு வைப்பவரிடம் கேளுங்கள். அலுவலக மேசையில் இருப்பவரை விட அவருக்குத்தான் தெரியும்.

பான்லுகோபீனியா வைரஸ் தரையிலும் துணியிலும் ஓராண்டு வரைகூட உயிரோடு கிடக்கும். கைக்குப் போடும் சானிடைசர் அதை ஒன்றும் செய்யாது. பல குட்டிகள் வந்து போகும் காப்பகத்திலிருந்து அது உங்கள் செருப்பிலேயே வீட்டுக்கு வரலாம். தடுப்பூசி போடாத பூனைக்கு இது உயிர்க்கொல்லி. அதனால் புதுக் குட்டியைத் தனி அறையில் இரண்டு வாரம் வையுங்கள். தட்டும் மணல் தொட்டியும் தனி. அந்த நாட்களில் பூனை எய்ட்ஸ், பூனை லுகேமியா இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை, குடற்புழு மருந்து, விட்டுப்போன தடுப்பூசி எல்லாவற்றையும் முடித்துவிடலாம்.

தரை துடைக்க பினாயில் வேண்டாம். நம் வீடுகளில் அது இல்லாமல் நாள் விடியாது என்றாலும், தண்ணீரில் விட்டால் வெள்ளையாகும் கிருமிநாசினிகள் பலவும் பூனையின் ஈரலுக்கு நஞ்சு. பாதத்தை நக்கியே அது விழுங்கிவிடும். வீட்டு பிளீச் திரவம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி போதும். பத்து நிமிடம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்த பிறகே பூனையை விட வேண்டும். நாய்க்கு உண்ணி மருந்து போடுகிறவரா நீங்கள்? டப்பாவில் பெர்மெத்ரின் என்றிருந்தால் அது பூனைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகாது. நாயின் முதுகில் விட்ட மருந்து, பக்கத்தில் படுத்த பூனையைக் கொன்றுவிடும்.

இனி நாய். ஓடுவதைத் துரத்துவது அதன் இயல்பு. இந்தக் குட்டியோ விழும், துள்ளும், உருளும். அடிபட்ட இரை எப்படி அசையுமோ அப்படியே அசையும். சாதாரணப் பூனை அலமாரி மேல் தாவித் தப்பிக்கும், இதனால் முடியாது. உங்கள் நாய் எப்போதாவது அணிலையோ தெருப்பூனையையோ பிடித்துக் கொன்றிருந்தால் இந்தக் குட்டி உங்கள் வீட்டுக்கு வேண்டாம். இதில் நான் சமரசம் செய்ய மாட்டேன். அப்படி இல்லை என்றால், முதலில் மூடிய கதவின் இரு பக்கமும் சாப்பாடு வையுங்கள், ஒன்று படுத்த துணியை மற்றொன்றிடம் முகரக் கொடுங்கள், பிறகு கம்பிவலைக்கு அப்பாலிருந்து பார்க்கட்டும். கடைசியில்தான் நேருக்கு நேர், அதுவும் நாயின் கழுத்தில் சங்கிலியோடு. குரைத்தால் பயமில்லை. உடம்பு விறைத்து, வாயை மூடி, கண் எடுக்காமல் பார்த்தால் உடனே வெளியே கூட்டிப் போங்கள். வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் இரண்டும் ஒரே அறையில் இருக்கக் கூடாது, எத்தனை மாதம் ஆனாலும்.

பெரிய பூனைகள் சீறும், நகம் நீட்டாமல் ஓர் அறை விடும். விடட்டும், அதைத் தடுக்கப் போய்ப் பகையை வளர்க்காதீர்கள். மூன்று பூனைக்கு நான்கு மணல் தொட்டி, வெவ்வேறு இடங்களில். புது வரவால் மன உளைச்சலில் பூனைகளுக்குச் சிறுநீர்ப்பை அழற்சி வருவதுண்டு. ஆண்பூனை தொட்டியில் முக்கி முக்கி உட்கார்ந்தும் சிறுநீர் வராவிட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் ஓடுங்கள். அடைப்பு ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடும்.

வீட்டில் செய்ய வேண்டியவை அதிகமில்லை. வழவழப்பான டைல்ஸ்தான் இந்தக் குட்டிக்கு எதிரி. நடக்கும் வழியெல்லாம் சணல் சாக்கோ ரப்பர் பாயோ விரியுங்கள். முன்கால் நகங்களை ஒட்ட வெட்டாதீர்கள். நிற்கவும் ஏறவும் அவைதான் பிடிமானம். கனமான தட்டில் சாப்பாடு, சுவரோரம் உயரமும் நுழையும் பக்கம் தாழ்வுமான மணல் தொட்டி. படிக்கட்டுக்குத் தடுப்பு, பால்கனிக்கு வலை. குளியலறை வாளி, அண்டா, சம்ப் எல்லாவற்றுக்கும் மூடி போடுங்கள். முழங்கை ஆழத் தண்ணீரில் தவறி விழுந்தால்கூட இதனால் ஏறி வர முடியாது.

காப்பகத்தில் இன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டாம். சில வாரம் வளர்ப்புப் பொறுப்பாகத் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். சரிப்பட்டு வராவிட்டால் திருப்பிக் கொடுப்பதில் வெட்கம் இல்லை. அதற்கும் முன்னால் உங்கள் இரண்டு பூனைகள், நாய் மூன்றின் தடுப்பூசி அட்டைகளையும் எடுத்துக்கொண்டு உங்கள் கால்நடை மருத்துவரைப் பாருங்கள். ஊசி விட்டுப்போயிருந்தால் போட்டுவிட்டு, குட்டியை எப்போது கூட்டி வரலாம் என்று அவரிடமே கேட்டு நாள் குறியுங்கள்.