கடை ஊழியர்களுக்கு வார அட்டவணை: கணினியில் போடுவது எப்படி?



ஜவுளி, ஃபேன்சி, மளிகை, பாத்திரம் என்று ஏதாவதொரு கடையோடு தொடர்பில்லாத குடும்பம் நம் மஹல்லாவில் குறைவு. சிலர் முதலாளிகள், பலர் அங்கே வேலை பார்ப்பவர்கள். ஜும்ஆவில் எல்லோரும் ஒரே ஸஃப்பில்தான் நிற்கிறோம். ஆனால் "நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்? இந்த வாரம் எனக்கு என்றைக்கு லீவு?" என்ற கேள்விக்குப் பல கடைகளில் முதல்நாள் இரவுதான் பதில் கிடைக்கிறது. பிள்ளையை டாக்டரிடம் காட்ட வேண்டிய தாய்க்கும், தங்கையைப் பெண் பார்க்க வரும் நாளில் வீட்டில் இருக்க வேண்டிய அண்ணனுக்கும் இது சின்ன விஷயமல்ல. ஆகவே வார அட்டவணை போடும் முறையையே இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் சட்டம்

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 வகுத்துள்ள அளவு இது: நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இடையில் ஒரு மணி நேர ஓய்வு. வாரத்தில் முழுதாக ஒரு நாள் விடுமுறை. கூடுதல் நேரம் வேலை செய்தாலும் நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணியைத் தாண்டக் கூடாது; அந்தக் கூடுதல் மணிகளுக்கு இரட்டிப்புக் கூலி. 2021இல் வந்த திருத்தத்தின்படி ஊழியர்கள் உட்கார இருக்கையும் போட வேண்டும்.

பிறகு கணக்கு

காலை 10 முதல் இரவு 9 வரை திறந்திருக்கும் ஒரு ஜவுளிக்கடையை எடுத்துக்கொள்வோம். முதல் ஷிப்ட் 10 முதல் 7 வரை, இரண்டாவது 12 முதல் 9 வரை. ஒரு மணி நேர ஓய்வு போக இரண்டுமே 8 மணி நேர வேலை. திங்கள் முதல் வெள்ளி வரை தினம் 4 பேரும், சனி, ஞாயிறு 5 பேரும் தேவை என்றால் வாரத்துக்கு 20 + 10 = 30 ஷிப்ட். ஒருவருக்கு 6 நாள் வேலை. ஆக 5 பேர் போதும்.

கணக்கு சரிதான். ஆனால் அந்த ஐந்து பேரில் ஒருவருக்கும் வருடம் முழுக்க ஒரு ஞாயிறுகூட லீவு கிடைக்காது. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், லீவில் இருப்பவரைக் கூப்பிட்டாக வேண்டும். அவருக்கு அது ஏழாவது நாள் வேலை. ஞாயிறு மட்டும் வர ஒரு பகுதி நேர ஆளைச் சேர்த்தால், ஐந்து வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் ஞாயிறன்று வீட்டில் இருக்கலாம். வாயால் "நாளைக்கு வா" என்று சொல்லும்வரை இந்தக் குறை கண்ணில் படாது. கட்டம் போட்டு எழுதினால் உடனே தெரியும்.

அட்டவணை போடும் முறை

இதற்கென்று மாதக் கட்டணம் வாங்கும் செயலிகள் இருக்கின்றன. பத்துப் பேருக்கு உட்பட்ட கடைக்கு எக்செல் அல்லது இலவசமான கூகுள் ஷீட்ஸ் தாராளமாகப் போதும். கைபேசியிலும் செய்யலாம்.

1. இடப்பக்கம் பெயர்கள், மேலே ஏழு கிழமைகள்.

2. ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எழுத்து: முதல் ஷிப்டுக்கு 'மு', இரண்டாவதற்கு 'இ', விடுமுறைக்கு 'வி'. முதலில் விடுமுறைகளை எழுதிவிட்டு, பிறகு வேலையை நிரப்புங்கள்.

3. ஒவ்வொரு கிழமைக்கும் கீழே 'கவுண்ட்இஃப்' சூத்திரம் போட்டால், அன்று எத்தனை 'மு', எத்தனை 'இ' என்று தானே எண்ணிக் காட்டும். ஆள் குறைந்தால் அந்தக் கட்டம் சிவப்பாகும்படியும் அமைக்கலாம்.

4. ஒவ்வொரு பெயருக்கும் வலப்பக்கத்தில் ஷிப்டுகளின் எண்ணிக்கையை எட்டால் பெருக்கி வார மணி நேரத்தைக் காட்டுங்கள். கூடுதல் மணிக்குத் தனிக் கட்டம் வையுங்கள்.

5. 'பார்க்க மட்டும்' என்ற அனுமதியோடு இணைப்பை ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புங்கள். ஒரு வாரம் முன்னதாகவே அனுப்புவது நல்லது. கூகுள் ஷீட்ஸில் பழைய பதிவுகளும் இருக்கும். யார், எப்போது மாற்றினார்கள் என்ற வாக்குவாதத்துக்கு இடமிருக்காது.

கணினி செய்யாத வேலை

எண்ணிக்கையைக் கணினி பார்த்துக்கொள்ளும்; நியாயத்தை நாம்தான் பார்க்க வேண்டும். முதலாளியின் சொந்தக்காரப் பையனுக்கே எப்போதும் ஞாயிறு லீவு விழுகிறதா? இரவு 9 மணிக்குப் பிறகு பஸ்ஸுக்கு நிற்கும் பெண்ணை இரண்டாவது ஷிப்டில் போடுகிறோமா? அவர் விரும்பி ஏற்றால் ஒழிய முதல் ஷிப்டே கொடுங்கள். தாமதமாகும் நாளில் வீடுவரை கொண்டுவிட ஏற்பாடு செய்யுங்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகிறவர்களின் ஓய்வு நேரத்தை அதற்கேற்ப வையுங்கள். அந்த நேரம் கடையைப் பார்த்துக்கொள்ளும் மாற்றுமதச் சகோதரருக்குத் தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ் விடுப்பை முன்கூட்டியே குறித்துவையுங்கள். இது பரஸ்பர உதவி; ஒருவர் மட்டும் விட்டுக்கொடுப்பதாக ஆகிவிடக் கூடாது.

நோன்பின் கடைசிப் பத்தில் வியாபாரம் இரவு வெகுநேரம் நீளும். அப்போதுதான் அட்டவணை மிகவும் தேவை. 10 மணி, 54 மணி என்ற வரம்பு அந்த நாட்களுக்கும் உண்டு. கடை நீளும்போது அதே ஆட்களை நிறுத்தி வைக்காமல், கூடுதல் ஆள் சேர்த்து ஷிப்டைப் பிரியுங்கள். கூடுதல் மணிகளை அன்றன்றே எழுதிவைத்தால், பெருநாளைக்கு முன்பே கணக்குத் தீர்த்துக் கொடுத்துவிடலாம். ஊழியரின் வீட்டிலும் அன்று பெருநாள்தானே!

வேலை செய்யும் சகோதர, சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் மணிக்கணக்கை நீங்களும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். லீவு தேவை என்றால் அட்டவணை போடுமுன் சொல்லுங்கள். போட்ட பிறகு மாற வேண்டுமென்றால், உங்களுக்குப் பதில் யார் வருகிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மற்றவருடைய நேரம் நம் கையில் இருக்கும் அமானிதம். வரும் வாரத்திலிருந்தே ஒரு தாளிலாவது தொடங்குங்கள். கணினிக்குப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். அல்லாஹ் நம் வியாபாரங்களில் பரக்கத் செய்வானாக, ஆமீன்.