பிக்கப்பின் எஞ்சினில் ஒரு புதுச் சத்தம்

கூட்டாக வாங்கிய ஒரு பழைய பிக்கப் எத்தனை வீட்டு அடுப்புகளை எரிய வைக்கிறது என்பதை உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. மீளக்குடியேறிய ஊர்களிலும் சரி, உறவினர் வளவில் தங்கியிருந்து குத்தகைத் தோட்டம் செய்வோர் மத்தியிலும் சரி, வெங்காயமும் மிளகாயும் சுன்னாகத்துக்கோ மருதனார்மடம் சந்தைக்கோ விடியுமுன் போய்ச் சேர அந்த வாகனமே துணை. அதன் எஞ்சினில் நேற்றுவரை இல்லாத ஒரு சத்தம் கேட்கத் தொடங்கினால் எல்லோரையும் பயம் பிடித்துக்கொள்கிறது. பயத்தோடே கராஜுக்குப் போகிறோம். “பிக்கெண்ட் போட்டுது, எஞ்சினை இறக்க வேணும்” என்கிறார் ஒருவர். “ரப்பெற் சத்தம்தான், பயப்பிடாதேங்கோ” என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரியென்று தெரியாமலே ஒரு சோடிக் காப்பு அடைவுகடைக்குப் போகிறது. பாகங்கள் மாற்றப்படுகின்றன. வாகனம் வீட்டுக்கு வருகிறது. சத்தமும் அதோடு வந்துவிடுகிறது.

இந்தப் பாடம் உங்களை மெக்கானிக் ஆக்குவதற்கு அல்ல. கராஜின் வாசலை மிதிக்குமுன் நீங்களே செய்யக்கூடிய விசாரணை ஒன்று உண்டு. அதற்குப் பணம் வேண்டாம். காதும் பொறுமையும் ஒரு கொப்பியும் போதும். சத்தத்துக்குப் பெயர் வைப்பது இலகு. அது எப்பொழுது வருகிறது, எப்பொழுது நிற்கிறது என்று அவதானிப்பதுதான் வேலை.

மண்ணெண்ணெய்க் காலம்

எம்மில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு வகைச் சத்தம் நன்கு பழக்கமானது. 1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் பெற்றோலும் டீசலும் குடாநாட்டுக்கு வருவது தடைப்பட்டது. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் போன்ற பழைய கார்கள் காபரேற்றருக்குள் விட்ட சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, பின்பு மண்ணெண்ணெயில் ஓடின. புகையும் மணமும் ஒருபுறம் இருக்க, ஆட்களை நிறைய ஏற்றிக்கொண்டு அழுத்திப் பிடித்தால் எஞ்சினுக்குள் ஒரு சத்தம் வரும். தகரப் பேணிக்குள் புளியங்கொட்டை போட்டுக் குலுக்கினாற்போல் இருக்கும். காலைத் தளர்த்தினால் நின்றுவிடும்.

ஏதோ ஒரு பாகம் கழன்றுவிட்டது என்றுதான் பலர் நினைத்தனர். கழன்றது எதுவுமில்லை. பெற்றோல் எஞ்சினில் பிளக்கிலிருந்து தீப்பொறி விழுந்ததும் நெருப்பு சிலிண்டரின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் படிப்படியாகப் பரவவேண்டும். மண்ணெண்ணெய் அவ்வளவு நேரம் பொறுத்திருக்காது. நெருப்பு தன்னிடம் வந்து சேருமுன்னே, சூட்டையும் அமுக்கத்தையும் தாங்கமுடியாமல் மிச்சமுள்ள வாயு முழுவதும் ஒரேயடியாக வெடிக்கிறது. அந்த அதிர்ச்சி சிலிண்டரின் சுவரில் அடிக்கும்போது உலோகம் ஒலிக்கிறது. கராஜுகளில் இதை ‘நொக்கிங்’ என்பார்கள். பழைய கார்கள் வாயுவை அதிகம் அமுக்காதவை. ஆகவே அவை ஒருவாறு தாக்குப்பிடித்தன. அமுக்கம் கூடிய புதிய எஞ்சின்களால் அது முடியவில்லை.

அக்கால வாகனங்களில் இரண்டாவது சத்தம் ஒன்றும் பின்னால் வந்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணீர்போல் ஆகும். பெயரிங்குகள் தேயும். அப்போது கேட்பது குலுக்கல் அல்ல, அடியிலிருந்து வரும் கனத்த தட்டு. ஆக, ஒரே எஞ்சினில் இரண்டு சத்தங்கள். முதலாவதற்கு எரிபொருளை மாற்றினாற் போதும். இரண்டாவதற்கு எஞ்சினைப் பிரித்தே ஆகவேண்டும். இரண்டையும் ஒன்றெனக் கொண்டவர் பணத்தை இழந்தார், அல்லது எஞ்சினை இழந்தார்.

ஒஹாயோவில் ஒரு விசாரணை

இதே சத்தம், இதே மண்ணெண்ணெய், இதே கமக்காரர் பிரச்சினை ஒரு நூற்றாண்டுக்கு முன் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலும் இருந்தது. டேய்ற்றன் நகரில் சார்ள்ஸ் கெற்றறிங் என்பவர் கார்களுக்கான மின்சார ஸ்ராட்டரையும் பற்றறித் தீப்பொறி முறையையும் உருவாக்கியிருந்தார். எஞ்சின் சத்தமிட்டபோதெல்லாம் “இவருடைய மின்சார வேலையால்தான்” என்று பழி அவர்மேல் விழுந்தது. அவர் கமக்காரர் வீடுகளுக்கு வெளிச்சம் கொடுக்கவென ‘டெல்கோ லைற்’ என்ற சிறிய மண்ணெண்ணெய் எஞ்சினையும் விற்றார். அதுவும் பாரம் கூடினால் அடித்தது.

1916 இல் தம்மிடம் வேலைக்குச் சேர்ந்த தோமஸ் மிட்ஜ்லி என்ற இளைஞரிடம் அவர் இந்த விசாரணையை ஒப்படைத்தார். மிட்ஜ்லி முதலில் பாகம் எதையும் மாற்றவில்லை. சிலிண்டருக்குள் அமுக்கம் ஏறி இறங்குவதைப் படமாகப் பதியும் கருவியொன்றைப் பொருத்தி, சத்தம் எந்தக் கணத்தில் பிறக்கிறது என்று பார்த்தார். தீப்பொறி விழுமுன் அல்ல, விழுந்த பின்னரே அது வருவதைக் கண்டார். தீப்பொறிமேல் சுமத்திய பழி அத்தோடு ஆட்டங்கண்டது. சந்தேகம் எரிபொருளின் பக்கம் திரும்பியது.

அடுத்து நடந்தது இன்னும் சுவையானது. மண்ணெண்ணெய்க்குச் சிவப்பு நிறம் ஊட்டினால் அது வெப்பத்தை விரைவாக உறிஞ்சி ஒழுங்காக எரியும் என்று அவர்கள் ஊகித்தனர். சாயம் கைவசம் இல்லை, அயடீன் இருந்தது. அதைக் கலந்தார்கள். சத்தம் நின்றது! அநேகர் அங்கேயே கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பர். மிட்ஜ்லி வேறு சிவப்புச் சாயங்களை வாங்கிப் பரீட்சித்தார். ஒன்றும் பலிக்கவில்லை. வேலை செய்தது நிறமல்ல, அயடீன்தான் என்பது அப்போது தெளிவாயிற்று. எமது கராஜுகளிலும் வீடுகளிலும் குறைவாகக் காணப்படுவது இந்த இரண்டாவது பரீட்சைதான் என்பது எமது எண்ணம்.

கதையின் மிகுதி அவ்வளவு நல்லதல்ல. 1921 டிசெம்பர் 9 இல் அவர்கள் ஈயம் சேர்ந்த ஒரு திரவத்தைக் கண்டுபிடித்தனர். மிகச் சிறிதளவே சத்தத்தை அடக்கிற்று; மலிவாகவும் இருந்தது. மதுசாரம் கலந்தாலும் சத்தம் குறையும் என்று தெரிந்திருந்தும் ஈயத்தையே தேர்ந்தனர். 1924 இல் நியூ ஜேர்சியில் அதைத் தயாரித்த இடமொன்றில் ஐந்து தொழிலாளர் நஞ்சேறி இறந்தனர். ஆயினும் உலகம் முழுவதும் அது பெற்றோலில் கலக்கப்பட்டு, புகையோடு பிள்ளைகளின் இரத்தத்தில் சேர்ந்தது. இலங்கையில் 2002 இல்தான் நிறுத்தப்பட்டது; கார்களுக்கு அதை விற்ற கடைசி நாடான அல்ஜீரியாவில் 2021 இல்.

நாம் செய்யும் விசாரணை

முதலில் மிகச் சாதாரணமானவற்றைப் பாருங்கள். ஒயில் அளவு குச்சியை இழுத்துப் பாருங்கள். அளவு குறைந்திருந்தாலோ, ஒயில் விளக்கு எரிந்தாலோ எஞ்சினை ஸ்ராட் செய்யவே வேண்டாம். சீற்றுக்குக் கீழே ஜக் உருள்கிறதா, பற்றறியின் பிடி கழன்றிருக்கிறதா, சைலன்சர் தகடு ஆடுகிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். சிரிக்கவேண்டாம், அநேக ‘எஞ்சின்’ சத்தங்கள் இவைதான்.

பின்பு வாகனத்தை நிறுத்தி வைத்து எஞ்சினை மட்டும் வேகப்படுத்துங்கள். சத்தமும் எஞ்சினோடு வேகமாகிறதா? அப்படியானால் எஞ்சினிலோ அது சுழற்றும் பாகங்களிலோ தேடவேண்டும். வீதியில் ஓடும்போது மட்டும் வந்து, சக்கரத்தின் வேகத்தோடு கூடிக் குறைந்தால் சக்கரப் பெயரிங் அல்லது பின் அச்சுக்குப் போகும் தண்டு. கிளச்சை மிதிக்கும்போது சத்தம் மாறினால் கிளச் அல்லது கியர்பொக்ஸ் பக்கம். இந்த மூன்று கேள்விகளோடு பாதித் தேடல் முடிந்துவிடும்.

எஞ்சின்தான் என்று தெரிந்தால் குளிராகவும் சூடாகவும் கேளுங்கள். காலையில் ஸ்ராட் செய்தவுடன் தட்டிவிட்டுச் சூடானதும் அடங்குவது பெரும்பாலும் தேய்ந்த பிஸ்ரனின் சத்தம். சில காலம் ஓடலாம். ‘டிக் டிக்’ என்று மேலிருந்து மெல்லியதாக, எஞ்சின் சுற்றும் வேகத்தின் பாதிக்கு வருவது ரப்பெற். ஆனால் மனிபோல்ட் கஸ்கற் கிழிந்து புகை கசிந்தாலும் ஏறத்தாழ அதே ஒலிதான் வரும். அவ்விடத்தில் கரி படிந்திருக்கிறதா என்று பார்த்தால் வேறுபாடு தெரியும். பெல்ற்றைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் ஓடவிடுங்கள். சத்தம் நின்றால் தண்ணீர்ப் பம்பின் அல்லது ஓல்ற்றனேற்றரின் பெயரிங். அதற்கு எஞ்சினை இறக்குவது தலைவலிக்குக் காலில் கட்டுப்போடுவது போலாகும்.

கிணற்று மிசினைக் கேட்டுப் பழகியவர்களுக்குக் குச்சி முறை தெரியும். நீண்ட ஸ்குறூட்றைவரின் நுனியை எஞ்சினின் ஒவ்வோர் இடத்திலும் வைத்துப் பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினால் எங்கே சத்தம் பலமாக இருக்கிறதென்று கேட்கும். சாரம், சேலை, அவிழ்ந்த தலைமுடியோடு பானுக்கும் பெல்ற்றுக்கும் அருகே போகவேண்டாம்.

கனத்த தட்டு எந்தச் சிலிண்டரில் என்று அறிய, பழைய பெற்றோல் எஞ்சினில் ஒவ்வொரு பிளக்கின் வயராகக் கழற்றிப் பார்ப்பார்கள். பழைய டீசல் எஞ்சினில் இன்ஜெக்டர் குழாயின் நட்டைச் சற்று இளக்குவார்கள். ஒரு சிலிண்டரை நிறுத்தியதும் தட்டு குறைந்தால் அந்தப் பிக்கெண்ட் தேய்ந்திருக்கிறது. இதை உங்கள் மெக்கானிக்கே செய்யட்டும். செய்தாரா என்று மட்டும் கேளுங்கள். கொமன் றெயில் முறையிலுள்ள புதிய டீசல் பிக்கப்புகளில் இதைச் செய்யவே கூடாது. அக்குழாயில் 1000 பாருக்கு மேற்பட்ட அமுக்கத்தில் டீசல் நிற்கிறது. ஊசிபோல் தோலைத் துளைத்து உள்ளே போகும்; கையையே இழக்க நேரிடும்.

கடைசியாகப் பாரம். குடாநாட்டில் ஏறுவதற்கு மலையில்லை. ஆகவே மூட்டைகளை ஏற்றி, உயர்ந்த கியரில் மெதுவாகப் போய் அக்சிலறேற்றரை அழுத்திப் பாருங்கள். அப்போது மட்டும் புளியங்கொட்டை குலுங்கினால் அது எரிபொருள், தீப்பொறி நேரம், எஞ்சின் சூடு, உள்ளே படிந்த கரி ஆகிய நான்கில் ஒன்று.

2022 இல் எரிபொருளுக்கு வரிசை நின்ற நாட்களை மறக்கமுடியாது. அவ்வாண்டு ஓகஸ்ற் வரை மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபா. அது ஒரேயடியாக 340 ரூபாவாக ஏறுமுன், பெற்றோலோடு அதைக் கலப்பதில் இலாபம் இருந்தது. அந்நாட்களில் வலிகாமம் வடக்கில் மீளக்குடியேறிய சில குடும்பங்களின் பழைய பெற்றோல் பிக்கப்பில் இந்தச் சத்தம் கேட்டது. எஞ்சினைப் பிரிக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நாம் அவர்களோடு இருந்து கொப்பியில் எழுதிப் பார்த்தபோது, வெறுமையாகப் போகையில் சத்தமில்லை, ஒயில் விளக்கு எரியவில்லை, கானில் வாங்கிய பெற்றோல் விட்ட மறுநாள்தான் தொடக்கம் என்று வந்தது. தாங்கியிலிருந்ததை வடித்து, ஒக்ரேன் 92 பெற்றோல் விட்டார்கள். சத்தம் நின்றது. மிட்ஜ்லியின் இரண்டாவது பரீட்சையையும் செய்யச் சொன்னோம். வடித்ததில் ஒரு போத்தல் மீண்டும் விட்டு ஓடியதும் குலுங்கல் திரும்பி வந்தது. செலவு, வடிப்பதற்குப் போன ஒரு மத்தியானம். ஒயிலையும் மாற்றச் சொன்னோம். காரணம் மேலே எழுதியிருக்கிறது.

கராஜுக்குப் போகும்போது அந்தக் கொப்பியைக் கொண்டுபோங்கள். சத்தம் தொடங்கிய நாள், குளிரிலா சூட்டிலா, பாரத்தோடா வெறுமையாகவா, கடைசியாக எரிபொருள் வாங்கிய இடம், கடைசியாக ஒயில் மாற்றிய திகதி என்பவற்றைச் சொன்னால் நல்ல மெக்கானிக் மகிழ்வார். எஞ்சினைப் பிரித்தே ஆகவேண்டும் என்றால், கழற்றிய பெயரிங் துண்டுகளைக் கையில் வாங்கிப் பாருங்கள். சாம்பல் நிறம் தேய்ந்து செம்பு வெளியே தெரிந்தால் அது தன் காலத்தை முடித்துவிட்டது. எல்லாத் துண்டுகளும் சாம்பல் நிறமாகவும் மழமழப்பாகவும் இருந்தால், புதியதற்குக் காசு கொடுக்குமுன் “அப்ப சத்தம் எங்கையிருந்து வந்தது, தம்பி?” என்று கேளுங்கள்.