ஆளில்லாக் கப்பலும் ஆவியும்

"பூத்" என்ற இந்திப் படம் 2020 பிப்ரவரியில் வெளிவந்தது. இயக்கியவர் பானு பிரதாப் சிங். நாயகன் விக்கி கௌஷல். மும்பைக் கரையில் ஆளே இல்லாத கப்பல் ஒன்று தரைதட்டி நிற்கிறது. அதைச் சோதிக்கப் போகும் அதிகாரியை ஆவி ஆட்டிப் படைக்கிறது. மனைவியையும் மகளையும் பறிகொடுத்த அவருடைய துயரம், பேயைவிட நம் மனத்தைத் தொடுகிறது.

கடலைக் காண ஏர்பேட்டுப் பிள்ளைகள் ஊர் தாண்டிப் போகவேண்டும். அவர்கள் "இது நடந்ததா?" என்று கேட்டால் என்ன சொல்வது?

கப்பல் வந்தது மெய்தான். 2011 ஜூனில் ஜூஹு கடற்கரையில் 'விஸ்டம்' என்ற கப்பல் ஒதுங்கியது. கொழும்பிலிருந்து குஜராத்தின் அலங்கில் உடைப்பதற்காக அதை இழுத்துவந்தார்கள். வழியில் இழுவை வடம் அறுந்தது. உடைக்கப் போகிற கப்பலில் மாலுமிகள் எதற்கு? ஆகவே உள்ளே யாருமில்லை.

ஜூலைக் கடைசியில் அதே பகுதிக்கு 'பவித்' வந்தது. ஓமன் அருகே இயந்திரம் பழுதாகித் தண்ணீர் புகுந்ததால் அதன் மாலுமிகள் 13 பேரையும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் காப்பாற்றியது. மூழ்கியிருக்கும் என்றே நினைத்தார்கள். கப்பலோ மூழ்காமல் சுமார் ஒரு மாதம் மிதந்து, கடலோரக் காவலின் கண்ணிலும் படாமல் கரையேறியது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு இப்படி நடந்ததுதான் உண்மையில் திகில்! அந்த மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலில் மிதப்பதையெல்லாம் நம் மேற்குக் கரைப்பக்கம் தள்ளும். அதைச் செய்ய ஆவி வேண்டியதில்லை.

படத்தில் வராத இன்னொரு கைவிடல் உண்டு. முதலாளி கடனில் மூழ்கிக் கப்பலை மறந்துவிடுவார். மாலுமிகளோ அதிலேயே கிடப்பார்கள். எண்ணெய் தீர்ந்தால் விளக்கு எரியாது, குடிநீரும் குறையும். இறங்கிப் போனால் சம்பளப் பாக்கி கிடைக்காதோ என்ற பயம் வேறு. இரண்டு மாதச் சம்பளம் தராவிட்டாலே "கைவிடப்பட்டவர்" என்று சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை கருதுகிறது. நான்கு மாதச் சம்பளம் வரையிலும், ஊர் திரும்பும் செலவுக்கும் காப்பீடு வேண்டும் என்ற திருத்தம் 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015இல் இந்த உடன்படிக்கையை ஏற்றது.

கப்பல் வேலைக்கு மகனை அனுப்ப நினைப்போர், ஆள் சேர்க்கும் முகவருக்கு மத்திய அரசின் உரிமம் உண்டா என்று முதலில் பாருங்கள். வேலைக்காகப் பையனிடம் பணம் கேட்கிற முகவரை நம்பவேண்டாம். அப்படி வாங்க அவருக்கு உரிமையே கிடையாது. கப்பலின் காப்பீட்டுச் சான்றிதழைக் கப்பலிலேயே எல்லாரும் பார்க்கும்படி ஒட்டியிருக்கவேண்டும். ஏறிய அன்றே அதைப் படித்துக்கொள்ளும்படி பையனிடம் சொல்லியனுப்புங்கள்.